மறதிக்கு ரத்தப் பரிசோதனை: எந்த வரிசையில் போவது?

வீட்டில் ஒருவருக்கு மறதி கூடிக்கொண்டே போகிறது என்று உறைத்த நாளிலிருந்து மனசு ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வரும்: இது வயசாவதால் வரும் மறதியா, டிமென்ஷியா என்கிற மறதிநோயா? ஒரு குழாய் ரத்தம் கொடுத்தால் அது தெரிந்துவிடும் என்று இப்போது பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். கடந்த சில வருடங்களில் இதில் நிஜமாகவே பெரிய முன்னேற்றம் வந்திருக்கிறது. ஆனால் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசை மாறிப்போனால், நல்ல பரிசோதனையும் நம்மைத் திசைமாற்றிவிடும். என் அம்மாவோடு இந்த வழியில் அலைந்தபோது எனக்கு யாரும் இந்த வரிசையைச் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாகட்டும். மறதிக்காகச் செய்யும் ரத்தப் பரிசோதனைகள் இரண்டு வகை. பழைய வகை, "மறதியை உண்டாக்கும் வேறு கோளாறு ஏதாவது உடம்பில் இருக்கிறதா?" என்று பார்க்கும். வைட்டமின் பி12, தைராய்டு, சோடியம் எல்லாம் இதில் வரும். புதிய வகை, "மூளையில் அல்சைமர் நோயின் மாற்றங்கள் நடக்கின்றனவா?" என்று பார்க்கும். செய்தியில் அடிபடுவது இரண்டாவது வகை. சரிசெய்யக்கூடிய ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுப்பது முதல் வகை. அதனால் முதல் வகைதான் எப்போதும் முதலில்.

இன்னொன்று. "டிமென்ஷியா உண்டு" என்றோ "இல்லை" என்றோ சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. டிமென்ஷியா என்பது ஒரே நோயின் பெயர் இல்லை. நினைவும் யோசனையும் குறைந்து, அன்றாட வேலைகளைத் தனியாகச் செய்ய முடியாத நிலைக்குப் போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதற்குப் பின்னால் பல நோய்கள் இருக்கலாம். அல்சைமர்தான் அதிகம், உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 60 முதல் 70 சதவீதம் வரை. மூளை ரத்தக்குழாய்ப் பாதிப்பு, மூளை செல்களில் ஒரு புரதம் திரளும் லூயி பாடி நோய், மூளையின் முன்பகுதி தேயும் நோய் என்று மற்றவையும் உண்டு. ஒருவரிடம் இரண்டு சேர்ந்தும் இருக்கும். ஆகவே நோய் இருக்கிறதா என்பதை அவருடைய வாழ்க்கையைக் கேட்டுத்தான் முடிவு செய்ய முடியும். எந்த நோய் என்பதைத் தேடும்போதுதான் ரத்தம் கைகொடுக்கும்.

முதலில் ஒரு நோட்டு, அப்புறம் ஊசி

ரத்தம் எடுப்பதற்கு முன்பே வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரு நோட்டு எடுத்து, பார்த்ததைத் தேதி போட்டு எழுதுங்கள். "மறதி அதிகம்" என்று எழுதினால் மருத்துவருக்கு அதனால் பயனில்லை. "பத்து நிமிடத்தில் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டார்", "பழகிய தெருவில் வழி தெரியாமல் நின்றார்", "இத்தனை வருடம் தானே பார்த்த வரவுசெலவைப் பார்க்க இப்போது தயங்குகிறார்" என்று எழுதுங்கள். ஒரு பெயர் சட்டென்று வராமல் அரை மணி நேரம் கழித்து ஞாபகம் வருவது எல்லோருக்கும் நடப்பது. நடந்த சம்பவமே நடக்காதது போல் அழிந்துபோனால் அது வேறு. இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

எப்போது தொடங்கியது, மெதுவாக வந்ததா, திடீர் திடீரென்று ஒவ்வொரு படியாக இறங்கியதா என்பதையும் குறியுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. சில மணி நேரத்திலோ ஒன்றிரண்டு நாளிலோ திடீரென்று ஒருவர் குழம்பிப்போனால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடம்பில் நீர் வற்றுவது, சோடியம் சரிவது, பக்கவாதம், புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். அது அவசர சிகிச்சைக்கான விஷயம்.

மாத்திரைகளின் பட்டியல் இந்த நோட்டிலேயே ஒரு தனிப் பக்கம். மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்குவதையும் விடாதீர்கள். தூக்க மாத்திரை, டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய அலர்ஜி மாத்திரைகள், மன அழுத்தத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாததற்குக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின் ஆகியவை வயதானவர்களின் நினைவை மங்கவைக்கும். எந்த ரத்தப் பரிசோதனையும் இதைக் காட்டிக் கொடுக்காது. இந்தப் பட்டியல் காட்டிக் கொடுக்கும். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து.

மன அழுத்தம், தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, காது மந்தமாவது மூன்றும் மறதி மாதிரியே வேஷம் போடும். சோர்ந்து உட்கார்ந்திருக்கிறாரா, குறட்டை நின்று நின்று வருகிறதா, கேட்காததால்தான் பதில் சொல்லவில்லையா என்பதையும் கவனித்து எழுதுங்கள்.

மருத்துவர் அறையில்

கூட வசிப்பவர் ஒருவர் கட்டாயம் உடன் போக வேண்டும். மருத்துவர் பேசிப் பார்த்துவிட்டு ஒரு சிறிய நினைவுத் தேர்வு வைப்பார். மோகா என்கிற தேர்வுக்கு 30 மதிப்பெண். பொதுவாக 26-ஓ அதற்கு மேலோ இருந்தால் இயல்பு என்று எடுத்துக்கொள்வார்கள். குறைவாகப் படித்தவர்களுக்கு அதில் 1 மதிப்பெண் கூட்டுவார்கள். கடிகாரம் வரையச் சொல்வது, சொன்ன வார்த்தைகளைக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்பது இப்படித்தான் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பதில் எடுத்துக் கொடுக்காதீர்கள். பாசத்தில் நாம் எல்லோரும் செய்கிற தப்பு அது. மதிப்பெண்ணைத் தேதியோடு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் ரத்தக் குழாய்: சரிசெய்யக்கூடியதைத் தேடுவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். புதிய பரிசோதனையின் பரபரப்பில் பலரும் அவசரமாகத் தாண்டிப் போகும் இடம் இதுதான்.

வைட்டமின் பி12 பற்றாக்குறை வந்தால் நரம்புகள் பாதிக்கப்படும், நினைவு மங்கும், கால் மரத்துப்போகும், நடை தடுமாறும். ரத்தசோகை இல்லாமலேயே இதெல்லாம் வரலாம் என்பதால், ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறது என்று பி12-ஐ விட்டுவிடக் கூடாது. இறைச்சி, முட்டை, பால் எதுவும் எடுக்காதவர்கள், சர்க்கரைக்கு நீண்ட நாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குபவர்கள், வயிற்றில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் இவர்களுக்கெல்லாம் குறைபாடு வரும் வாய்ப்பு அதிகம். பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே போனால் பற்றாக்குறை என்கிறார்கள். 200 முதல் 300 வரை சந்தேக எல்லை. அப்படி நடுவில் விழுந்தால் மெத்தில்மலோனிக் அமிலம் என்ற இன்னொரு பரிசோதனையைக் கேட்கலாம். செல்களுக்கு உண்மையிலேயே பி12 போதவில்லை என்றால் அது ஏறியிருக்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது வேறு காரணத்தால் ஏறும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இங்கேதான் எங்களுக்குத் தப்பு நடந்தது. அம்மா சோர்வாக இருக்கிறார் என்று ஒரு கிளினிக்கில் சத்து ஊசி போட்டார்கள். அதில் பி12 இருந்தது. இரண்டு வாரம் கழித்து ரத்தம் எடுத்தபோது பி12 அளவு உச்சத்தில் நின்றது. ஊசிக்கு முன்னால் அது எவ்வளவு இருந்தது, மறதிக்கு அதுவும் ஒரு காரணமா என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. இன்றுவரை அந்தக் கேள்வி எனக்குள் உறுத்துகிறது. ஊசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரத்தத்தை முதலில் எடுத்துவிட்டு, அதே நாளில்கூடப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது தைராய்டு. சுரப்பு குறைந்தால் யோசனை மந்தமாகும், பேச்சும் நடையும் நிதானமாகும், ஆர்வம் போய்விடும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் டிஎஸ்ஹெச் என்ற ஒரே பரிசோதனை பெரும்பாலும் போதும். சுரப்பு குறைந்தால் இந்த எண் ஏறும். வயது கூடக் கூட இது இயல்பாகவே கொஞ்சம் ஏறும் என்பதால், எல்லையைச் சற்றுத் தாண்டியதை வைத்தே மறதிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் அதை ஆய்வகத்தில் சொல்லியே ஆக வேண்டும். சில ஆய்வு முறைகளில் அது டிஎஸ்ஹெச் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். மருத்துவரிடம் கேட்டுவிட்டு, பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துவது நல்லது.

சோடியம் 135-க்கும் 145-க்கும் நடுவில் இருக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில நீர்மாத்திரைகளும், மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் வயதானவர்களுக்குச் சோடியத்தை மெல்ல இறக்கிவிடும். குழப்பம், தள்ளாட்டம், அடிக்கடி விழுவது என்று அது வெளியே தெரியும். கால்சியம் ஏறினாலும் மூளை மந்தமாகும். பெரும்பாலும் பாராதைராய்டு சுரப்பி அதற்குக் காரணமாக இருக்கும். சர்க்கரையைப் பொறுத்தவரை, அது கூடுவதைப் பார்ப்பது போலவே அடிக்கடி இறங்குகிறதா என்பதையும் கேளுங்கள். இன்சுலினோ கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ எடுக்கும் முதியவர் சாயங்காலம் மட்டும் குழம்புகிறார் என்றால், அந்த நேரத்தில் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பாருங்கள்.

இவற்றோடு முழு ரத்த எண்ணிக்கை, சிறுநீரகம், கல்லீரல், ஃபோலிக் அமிலம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். சில நேரம் எச்ஐவி, சிபிலிஸ் பரிசோதனையும் எழுதுவார்கள். அதைப் பார்த்து யாரும் சங்கடப்பட வேண்டியதில்லை. இரண்டும் மூளையைப் பாதிக்கும், இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது.

இதில் ஏதாவது ஒன்று குறைவாக வந்து, அதைச் சரிசெய்தால் மறதி முழுக்கப் போய்விடுமா? பெரும்பாலும் இல்லை. முழுக்கத் திரும்புவது அரிது. பி12 குறைந்தவருக்கு அல்சைமரும் கூடவே இருக்கலாம். ஆனால் குறையைச் சரிசெய்தால் நடை தேறும், தெம்பு வரும், இருக்கும் நினைவை முழுசாகப் பயன்படுத்த முடியும். அது சின்ன விஷயம் இல்லை. சரிசெய்து சில மாதம் கழித்து மோகா தேர்வைத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள்.

இதே கட்டத்தில் மூளைக்கு எம்ஆர்ஐ அல்லது சிடி ஸ்கேன் எடுப்பார்கள். விழுந்த அடியில் கசிந்த ரத்தக்கட்டு, மூளைக்குள் நீர் தேங்குவது, கட்டி, பழைய பக்கவாதம் இவை ஸ்கேனில்தான் தெரியும்.

இரண்டாவது ரத்தக் குழாய்: அல்சைமரின் தடயம்

1906-ல் அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர், இறந்துபோன ஒரு நோயாளியின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் இருந்த படிவுகளையும் முடிச்சுகளையும் விவரித்தார். படிவு அமிலாய்டு என்ற புரதம், முடிச்சு டாவ் என்ற புரதம். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளாக, இறந்த பின் மூளையைப் பார்த்தால்தான் நோயை உறுதி செய்ய முடிந்தது. அப்புறம் மூளையில் உள்ள அமிலாய்டைப் படமெடுக்கும் பெட் ஸ்கேனும், முதுகில் ஊசி போட்டு எடுக்கும் தண்டுவட நீர்ப் பரிசோதனையும் வந்தன. இப்போது அதே தடயத்தை ரத்தத்தில் பிடிக்கிறார்கள்.

இதில் நீங்கள் அறிய வேண்டிய பெயர் பி-டாவ் 217. மூளையில் அமிலாய்டு சேரத் தொடங்கியதும் டாவ் புரதத்தின் இந்த வடிவம் ரத்தத்தில் ஏறுகிறது. அமிலாய்டு 42/40 விகிதம் என்பது இன்னொன்று. 42 என்ற வகை மூளைப் படிவில் சிக்கிக்கொள்வதால் ரத்தத்தில் அது குறையும். ஆனால் ரத்தத்தில் அந்தக் குறைவு மிகச் சிறியது, மாதிரியைச் சரியாகக் கையாளாவிட்டால் கணக்கு மாறிப்போகும். பி-டாவ் 217-ல் வரும் ஏற்றம் பெரியது. அதனால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு. நியூரோஃபிலமென்ட் லைட் என்றும் ஒன்று எழுதுவார்கள். நரம்பு சேதமாகிறது என்று மட்டும் அது சொல்லும், எந்த நோயால் என்று சொல்லாது.

2024-ல் ஸ்வீடனில் 1,213 பேரிடம் செய்த ஆய்வைப் பாருங்கள். வழக்கமான பரிசோதனைகளுக்குப் பிறகு பொதுநல மருத்துவர்கள் அல்சைமரைச் சரியாகச் சொன்னது 61 சதவீதம், மறதிநோய் நிபுணர்கள் 73 சதவீதம். பி-டாவ் 217-ஐயும் அமிலாய்டு விகிதத்தையும் சேர்த்த ரத்தப் பரிசோதனை 91 சதவீதம் சரியாகச் சொன்னது. 2025 மே மாதம் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இப்படிப்பட்ட முதல் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தது. லூமிபல்ஸ் என்று பெயர். பி-டாவ் 217-க்கும் அமிலாய்டு 42-க்கும் உள்ள விகிதத்தை அது பார்க்கிறது. 499 மாதிரிகளில், "உண்டு" என்று வந்தவர்களில் 91.7 சதவீதம் பேருக்கு ஸ்கேனிலோ தண்டுவட நீரிலோ அமிலாய்டு உறுதியானது. "இல்லை" என்று வந்தவர்களில் 97.3 சதவீதம் பேருக்கு அதிலும் இல்லை. அந்த அனுமதி யாருக்கு என்பதையும் படியுங்கள்: 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், ஏற்கெனவே மறதி அறிகுறி இருப்பவர்கள், நிபுணர் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்.

அறிகுறி இல்லாதவர் ஏன் செய்யக் கூடாது

"எனக்கும் வருமா என்று பார்த்துவிடலாமே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நானும் கேட்டேன். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நோய் இருப்பவர்களில் 90 சதவீதத்தையும் இல்லாதவர்களில் 90 சதவீதத்தையும் சரியாகச் சொல்லும் ஒரு பரிசோதனை என்று வைத்துக்கொள்வோம். மறதி சிகிச்சைப் பிரிவுக்கு வரும் 100 பேரில் 60 பேருக்கு அமிலாய்டு இருந்தால், அவர்களில் 54 பேரைப் பிடிக்கும், மீதி 40 பேரில் 4 பேரைத் தவறாகப் பிடிக்கும். "உண்டு" என்று வந்த 58 பேரில் 54 பேருக்கு அது உண்மை. இப்போது 50 வயதில் நன்றாக இருக்கும் 100 பேரை எடுங்கள். அந்த வயதில் சுமார் 10 சதவீதம் பேருக்கு அமிலாய்டு இருக்கும். அந்த 10 பேரில் 9 பேரைப் பிடிக்கும், மீதி 90 பேரில் 9 பேரைத் தவறாகப் பிடிக்கும். "உண்டு" என்று வந்த 18 பேரில் பாதிப்பேருக்கு அது பொய்.

உண்மையான 9 பேருக்கும் நோய் வரும் என்று உறுதியில்லை. அமிலாய்டு சேரத் தொடங்கி 15, 20 வருடம் கழித்துத்தான் மறதி தெரியும், பலருக்குத் தெரியாமலேயே ஆயுள் முடியும். 90 வயதில் நினைவு நன்றாக இருப்பவர்களிலேயே சுமார் 44 சதவீதம் பேருக்கு அமிலாய்டு இருக்கிறது. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மட்டுமே உதவும் ஒரு காகிதத்தை வாங்க வேண்டாம்.

ஏபோஈ மரபணுப் பரிசோதனையையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அல்சைமர் வரும் வாய்ப்பு கூடுதலா என்று அது சொல்லும், நோய் இருக்கிறதா என்று சொல்லாது. அமிலாய்டை அகற்றும் புதிய மருந்துகளான லெகனெமாப் அல்லது டோனனெமாபைத் தொடங்கும் முன், மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வரும் அபாயத்தை அளக்க அது தேவைப்படும்.

ரத்தம் கொடுக்கும் முன் நான்கு கேள்விகள்

முதல் கேள்வி மருத்துவருக்கு இல்லை, நோயாளிக்கு. "பதில் அல்சைமர் என்று வந்தால் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா?" அவருக்குப் புரிகிற நேரமாகப் பார்த்து, அவசரமில்லாமல் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் முடிவெடுக்க எனக்கும் ஆசை வந்தது. கேட்டபோது, "என் தலைக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்கு முதல்ல சொல்லு" என்றார்.

மற்ற மூன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள். இந்த முடிவு வந்தால் சிகிச்சையில் என்ன மாறும்? எந்தப் புரதத்தைப் பார்க்கிறார்கள், அதன் துல்லியம் என்ன? முடிவு "உண்டு", "இல்லை" இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் அடுத்து என்ன? அமெரிக்காவின் அல்சைமர் சங்கத்தின் 2025 வழிகாட்டுதல், நோயைப் பிடிப்பதிலும் இல்லை என்று சொல்வதிலும் 90 சதவீதத்தை எட்டும் பரிசோதனையை மட்டுமே பெட் ஸ்கேனுக்குப் பதிலாக ஏற்கிறது. நோயைப் பிடிப்பதில் 90 சதவீதமும், இல்லை என்று சொல்வதில் 75 சதவீதமும் எட்டுபவை வடிகட்ட மட்டும் உதவும். எல்லா ஆய்வகப் பரிசோதனையும் அந்தத் தரத்தில் இல்லை.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் பி-டாவ் அளவு பொய்யாக ஏறும். உடல் பருமன் அதைக் குறைத்துக் காட்டும். இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கும் சாகுபிட்ரில் கலந்த மாத்திரை அமிலாய்டு கணக்கைக் குழப்பும். முதல் குழாயில் வந்த சிறுநீரக முடிவும், நோட்டில் எழுதிய மாத்திரைப் பட்டியலும் இங்கே திரும்பத் தேவைப்படும்.

முடிவு கையில் வந்ததும்

மூன்று பதில்களில் ஒன்று வரும். "இல்லை" என்று வந்தால், மறதிக்கு அல்சைமர் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. மறதியே இல்லை என்று அர்த்தம் இல்லை. தேடலை மற்ற காரணங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். நடுவில் விழுந்தால் பயப்பட வேண்டாம். அந்த 499 பேரிலும் 20 சதவீதத்துக்குக் குறைவானவர்களுக்கு அப்படித்தான் வந்தது. பெட் ஸ்கேனோ தண்டுவட நீரோ பார்க்கலாம், அல்லது சில மாதம் கழித்துத் திரும்ப எடுக்கலாம்.

"உண்டு" என்று வந்தால், அது நோட்டில் உள்ள கதையோடு பொருந்துகிறதா என்று மருத்துவரைக் கேளுங்கள். மெதுவாக, நினைவிலிருந்து தொடங்கி வந்த மறதியோடு பொருந்தும். இல்லாத உருவங்களைப் பார்ப்பது, கை நடுக்கம், குணமே மாறுவது என்று தொடங்கியிருந்தால் அமிலாய்டோடு வேறொன்றும் இருக்கலாம். ஆரம்ப நிலையில் இருப்பவருக்குப் புதிய மருந்துகள் பொருந்துமா என்பதையும் அன்றைக்கே கேளுங்கள். தாமதித்தால் அந்தக் கட்டம் கடந்துவிடும். பண விவகாரம், வண்டி ஓட்டுவது, யார் முடிவெடுப்பது என்பதையெல்லாம் அவரே தெளிவாகப் பேசக்கூடிய இந்த மாதங்களில் பேசி எழுதிவிடுங்கள்.

அறிக்கையின் ஒரு நகலை நோட்டில் ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து வரும் தேதியை அதன் கீழே எழுதுங்கள். அன்றைக்கு வைக்கும் மோகா தேர்வின் மதிப்பெண்ணுக்கு ஒரு வரி காலியாக விட்டுவையுங்கள்.